ஒரே பானைக் கஞ்சி, ஆறு பேருக்கும்: செலவும் குறையணும், ருசியும் இருக்கணும்

வெள்ளிமுளை
எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ஆறு பேர். மாமனாருக்குச் சர்க்கரை நோய். மாமியாருக்கு மேல்வரிசைப் பல் பாதி இல்லை. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பெரியவனுக்கு எட்டு வயது, தட்டில் எது விழுந்தாலும் விசாரணைக் கமிஷன் வைத்துவிட்டுத்தான் வாயில் வைப்பான். சின்னவளுக்குப் பத்து மாதம்.

வாரத்தில் பாதி நாளாவது காலைக்குக் கஞ்சி என்று வைத்தால் மளிகைச் செலவு குறையும் என்று ஆரம்பித்திருக்கிறேன். மாவில் செய்தால் கட்டி தட்டுகிறது. அரிசியில் செய்தால் பத்து மணிக்கெல்லாம் எல்லோருக்கும் வயிறு கிள்ளுகிறது. கணவருக்கு அது "காய்ச்சல்காரன் சாப்பாடு". ஆளுக்கொரு பானை வைக்க நேரமில்லை. ஒரே பானையில் எல்லோருக்கும் ஆகிற மாதிரி வழி இருந்தால் சொல்லுங்கள்.

அகப்பை
எவ்வளவு அரிசி, எவ்வளவு தண்ணீர்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

வெள்ளிமுளை
அரிசி ஒரு சின்ன டம்ளர், 150 கிராம் இருக்கும். தண்ணீர் கண்ணளவுதான், இரண்டு லிட்டருக்கு மேல் பிடிக்கும்.

அரைப்படி
கோளாறு அந்த டம்ளரில்தான் இருக்கிறது. எந்தத் தானியமானாலும் காய்ந்த நிலையில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரி. 150 கிராமை ஆறு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 25 கிராம், 90 கலோரிகூடத் தேறாது. கிண்ணம் நிறைந்திருக்கும், வயிறும் அந்த நேரத்துக்கு நிறைந்திருக்கும். உள்ளே போனது பெரும்பாலும் தண்ணீர். பத்து மணிக்குப் பசிக்காமல் என்ன செய்யும்?

கஞ்சியில் சிக்கனம் என்றாலே தண்ணீரைக் கூட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். பத்து மணிக்குப் பசித்தால் பிஸ்கட் பாக்கெட் பிரியும். அந்தச் செலவைக் கஞ்சிக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. உங்கள் வீட்டுக்கு 240 கிராம் தானியம், 60 கிராம் பருப்பு, இரண்டரை லிட்டர் தண்ணீர் என்று வையுங்கள். ஆளுக்குச் சுமார் 400 மில்லி வரும்.

உணவியல்
அரைப்படி சொன்ன 4:1 கணக்கு சரியானது. தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம், அதற்குப் பதில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். பால், முட்டை வாங்குகிற செலவில்லாமல் கஞ்சியைச் சாப்பாடாக மாற்றுவது அந்த 60 கிராம் பருப்புதான். பாசிப்பருப்பு வைத்தால் குருணையோடு ஒன்றாகவே வெந்துவிடும், தனியாக வேகவைக்க வேண்டாம்.

பசிக்குமே
பருப்பு போட்டால் அது பொங்கல் இல்லையா 😀

அகப்பை
கெட்டியாக வைத்தால் பொங்கல், தளர வைத்தால் கஞ்சி. பேரா முக்கியம், வேலையைப் பார்ப்போம்.

வெள்ளிமுளை, முழு அரிசி வாங்காதீர்கள், குருணை வாங்குங்கள். விலையும் குறைவு, வேகும் நேரமும் குறைவு. கஞ்சிக்கு எப்படியும் உடையப் போகிற அரிசியை முழுசாக வாங்கிக் காசு கொடுப்பானேன்.

அப்புறம் வறுப்பது. இதை மட்டும் விடாதீர்கள். அடிகனமான சட்டியைச் சூடாக்கி எண்ணெய் இல்லாமல் குருணையைப் போட்டு, தீயைத் தணித்துவிட்டுக் கிண்டிக்கொண்டே இருங்கள். முதலில் ஈரப் பச்சை வாசனை வரும். பிறகு கொஞ்ச நேரம் ஒரு வாசனையும் இருக்காது. அந்த இடத்தில்தான் பலரும் ஒன்றும் ஆகவில்லை என்று தீயைக் கூட்டிக் கருக்கிவிடுகிறார்கள். பொறுத்திருந்தால் மணி வெளுத்துப் பால் நிறமாகும், கரண்டியில் தள்ளும்போது சரசரவென்று லேசான ஓசை கேட்கும், பொரி வாசனை எழும். அப்போது சட்டியை இறக்கிவிட்டு, குருணையைத் தட்டில் கொட்டுங்கள். சட்டியிலேயே விட்டால் அதன் சூட்டில் அடியில் உள்ளது சிவந்துவிடும். பருப்பைத் தனியாக வறுங்கள். அது சீக்கிரம் சிவக்கும், இரண்டும் ஒன்றாகச் சட்டியில் இருந்தால் ஒன்று பச்சை, ஒன்று கரி.

ஒரு தடவை இரண்டு கிலோ வறுத்து ஆறவைத்து டப்பாவில் போட்டுவிட்டால் காலையில் அந்த வேலை இல்லை. கணவர் சொல்கிற காய்ச்சல் வாசனை, வறுக்காத அரிசியின் வாசனைதான்.

மாவுச்சத்து
கட்டி தட்டுவதற்குக் காரணம் சொல்கிறேன். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டியதும் உருண்டையின் வெளிப்புறம் நொடியில் வெந்து பசையாகிவிடும். அந்தப் பசைத்தோல் உள்ளே தண்ணீர் போகவிடாது. நடுவில் காய்ந்த மாவு அப்படியே மாட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு கிண்டினாலும் கரையாது.

ஆகவே மாவைப் பச்சைத் தண்ணீரில் கரையுங்கள். 100 கிராம் மாவுக்கு முதலில் 300 மில்லி குளிர்ந்த தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்த பிறகு 700 மில்லி கொதிநீரில் ஒரு கையால் ஊற்றி, மறுகையால் கிண்ட வேண்டும். கெட்டியானதும் இறக்கிவிடக் கூடாது. தணிந்த தீயில் இன்னும் ஏழெட்டு நிமிடம். கெட்டியாவது மாவு உப்பியதால் வருவது, பச்சை வாசனை போக அதற்குமேல் நேரம் வேண்டும்.

வறுத்த மாவு என்றால் கட்டி குறையும். ஆனால் வறுத்த மாவின் கெட்டிப்படுத்தும் சக்தியும் கொஞ்சம் குறைந்துவிடும். வறுத்த பிறகு "ஏன் நீர்த்திருக்கிறது" என்று பயந்து மாவை அள்ளிப் போடாதீர்கள், அளவில் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் சரியாகும்.

தனிச்சமையல்
கட்டி தட்டிவிட்டால் மிக்ஸியில் ஒரு சுற்று. ஆறிய பிறகு. சூடாக மூடிபோட்டு ஓட்டினால் ஆவி மூடியைத் தூக்கி அடிக்கும்.

வெள்ளிமுளை
எல்லோருக்கும் நன்றி. வறுத்த குருணையும் பாசிப்பருப்பும் வைத்தேன். கணவர் ஒன்றும் சொல்லவில்லை, கிண்ணம் காலி, அதுவே பெரிய பாராட்டு. பெரியவன் பருப்பைப் பொறுக்கி ஓரத்தில் வரிசையாக அடுக்கினான். மாமியாருக்குப் பிடித்தது. மாமனாருக்குச் சர்க்கரை ஏறுமோ என்றுதான் பயம். குழந்தைக்கும் இதையே கொடுக்கலாமா?

உணவியல்
இரண்டும் தனித்தனி விஷயம், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மாமனார். தானியம் எவ்வளவு நைஸாக அரைபடுகிறதோ, எவ்வளவு குழைகிறதோ, அவ்வளவு வேகமாகச் சர்க்கரை ஏறும். தண்ணீராக மடக்மடக்கென்று குடிப்பதும் அப்படித்தான். அவருக்குக் குருணை அரிசியைவிடக் கோதுமை ரவையோ பார்லியோ நல்லது. பார்லியிலும் ஓட்ஸிலும் பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து இருக்கிறது. கஞ்சிக்கு அந்த வழவழப்பைத் தருவதே அதுதான். செரிமானத்தை மெதுவாக்கும். ஒரு நாளைக்கு 3 கிராம் அளவுக்குச் சாப்பிட்டு வந்தால் கொலஸ்ட்ராலும் ஓரளவு குறையும். பருப்பு, கொஞ்சம் கடலைப்பொடி சேர்த்துக் கெட்டியாக, ஸ்பூனால் சாப்பிடட்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வீட்டிலுள்ள கருவியில் பார்த்தால் அவர் உடம்புக்கு எது ஒத்துவருகிறது என்று தெரிந்துவிடும். மாத்திரை அளவை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

குழந்தை. ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு கஞ்சி தாராளமாகக் கொடுக்கலாம். உப்பு, சர்க்கரை சேர்க்க வேண்டாம், ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. எல்லோரும் செய்வது குழந்தைக்கு என்று தண்ணீராகக் கரைப்பது. குழந்தையின் இரைப்பை எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லிதான் பிடிக்கும். எட்டு கிலோ பிள்ளைக்கு 240 மில்லி. அதைத் தண்ணீரால் நிரப்பினால் சத்துக்கு இடம் எங்கே? ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகி ஓடாமல் நிற்கிற பதம் வேண்டும். அதில் அரை டீஸ்பூன் எண்ணெயோ நெய்யோ விட்டு மசித்துக் கொடுங்கள். ஐந்து வயதுக்குள் முழுக் கடலை கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். நைஸாக அரைத்துக் கஞ்சியில் கலந்ததென்றால் பரவாயில்லை.

கரிப்பானை
ஆக மாமனாருக்கு முழுசாக, மாமியாருக்குக் குழைய, குழந்தைக்கு உப்பில்லாமல், பையனுக்குப் பருப்பே தெரியாமல். ஒரே பானை என்று தலைப்பு வைத்துவிட்டு நாலு பானை ஆகிவிட்டதே 😅

அகப்பை
ஆகவில்லை. ஒரே பானைதான், இறக்குகிற நேரத்தை மாற்றினால் போதும்.

கோதுமை ரவை 240, பாசிப்பருப்பு 60, இரண்டும் வறுத்தது. இரண்டரை லிட்டர் தண்ணீர் கொதித்ததும் போடுங்கள். பருப்பு விரலில் நசுங்கி, ரவை வெந்து ஆனால் மணி மணியாக நிற்கும்போது மாமனார் பங்கை மேலாக அரித்துக் கெட்டியாக எடுத்துவிடுங்கள், அவர் உப்பு அவர் கிண்ணத்தில். மீதியை மூடி இன்னும் கால் மணி நேரம் தணிந்த தீயில் விடுங்கள். குழைந்ததும் குழந்தைக்கு நாலு கரண்டி எடுத்து மசித்து வையுங்கள். இப்போதுதான் பானையில் உப்பு. உப்பு போட்ட பிறகு கரண்டியின் பின்பக்கத்தால் பானை ஓரத்தில் அழுத்தி அழுத்தித் தேய்த்தால் பருப்பு கரைந்து கஞ்சியே வெண்ணெயாகும். மாமியாருக்கும் பையனுக்கும் அது. பையன் பொறுக்குவதற்குப் பருப்பே இருக்காது.

உங்களுக்கும் கணவருக்கும் தாளிப்பு.

பசிக்குமே
தாளிப்பு விவரம் ப்ளீஸ். நான் இங்கே அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அகப்பை
இரண்டு டீஸ்பூன் எண்ணெய், தட்டிய பூண்டு நாலு பல், மிளகு சீரகம் ஒன்றிரண்டாகப் பொடித்தது அரை டீஸ்பூன். பூண்டு ஓரம் பொன்னிறமானதும் மிளகு சீரகத்தைப் போட்டு உடனே அடுப்பை அணையுங்கள். பொடித்த மிளகு எண்ணெயில் கருகினால் கசக்கும். இதைக் கஞ்சியில் கலக்க வேண்டாம், மேலே ஊற்றுங்கள். கிண்ணம் வாய்க்கு வரும்போதே மூக்கில் ஏறும். வெங்காயம் மெல்லிசாக அரிந்து சிவக்க வறுத்தும் போடலாம். அதற்கு நேரம் பிடிக்கும், ஞாயிற்றுக்கிழமை வேலை.

மாவுச்சத்து
ருசி பற்றி ஒன்று சேர்க்கிறேன். சப்பென்று இருக்கிறது என்றால் உடனே உப்பையோ சர்க்கரையையோ கூட்டுவார்கள். பல நேரம் குறைவது புளிப்பு. இறக்கி ஆறிய பிறகு இரண்டு கரண்டி மோர் அல்லது சில துளி எலுமிச்சை விட்டுப் பாருங்கள். சூட்டில் மோர் ஊற்றினால் திரியும்.

இன்னொரு வழி, மாவை முதல் நாள் இரவே தண்ணீரில் கரைத்து மூடி வைப்பது. காலையில் லேசாகப் புளித்திருக்கும். அதைக் காய்ச்சினால் தனி ருசி. தானியத்திலுள்ள பைட்டிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும், ஊறப்போடுவதும் புளிக்கவைப்பதும் அதைக் குறைக்கும். எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி இரும்பு உடம்பில் சேர உதவும். காசு செலவில்லாத சத்து இது.

தனிச்சமையல்
இனிப்புக் கஞ்சிக்குப் பாலும் வெல்லமும் போட்டால் ஒரு நாள் நன்றாக வருகிறது, ஒரு நாள் திரிகிறது. ஏன்?

மாவுச்சத்து
வெல்லத்துக்கு வெல்லம் அமிலத்தன்மை மாறும். பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரிய வாய்ப்பு அதிகம். தனியே கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, அடுப்பை அணைத்துச் சற்று ஆறிய பிறகு சேருங்கள். பாலையும் தானியம் தண்ணீரில் முழுக்க வெந்த பிறகு கடைசியாக ஊற்றுங்கள். முதலிலிருந்தே பாலில் வேகவைத்தால் அடிப்பிடிக்கும், தானியமும் சீக்கிரம் வேகாது, பாலும் கூடுதலாகச் செலவாகும். பாதித் தண்ணீர் பாதிப் பால் என்பதெல்லாம் தேவையில்லை, லிட்டர் கஞ்சிக்குக் கடைசியில் 150 மில்லி பால் ஊற்றினாலே நிறமும் வாசனையும் வந்துவிடும்.

அரைப்படி
யாரும் எரிவாயுவைப் பற்றிப் பேசவில்லையே. கஞ்சிக்கு விலை மலிவான தானியத்தை வாங்கிவிட்டு முக்கால் மணி நேரம் அடுப்பை எரித்தால் மிச்சம் எங்கே?

தண்ணீர் கொதித்துவிட்டால் அதற்குமேல் தீயைக் கூட்டினாலும் சூடு ஏறாது, ஆவிதான் கூடும். ஆகவே கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடுங்கள். முழுத் தானியம் என்றால் இரவே ஊறப்போடுங்கள், பார்லிக்கு இது பாதி நேரத்தை மிச்சப்படுத்தும். கோதுமை ரவை, குருணை என்றால் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, இறுக மூடி, அடுப்பை அணைத்து, பானையைப் பழைய கம்பளியில் சுற்றி அரை மணி நேரம் வைத்துவிடலாம். மீதி வேலையைப் பானைச் சூடே பார்த்துக்கொள்ளும். நீங்கள் குளித்துவிட்டு வாருங்கள்.

கரிப்பானை
குக்கரில் வைத்தால் எல்லாம் ஒரு விசிலில் முடிகிற வேலை. எதற்குக் கம்பளி, எதற்குச் சுற்றல்?

அரைப்படி
குக்கர் வேகமானதுதான், மறுக்கவில்லை. உள்ளே 120 டிகிரி வரை போகும். ஆனால் கஞ்சிப் பதத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு மேலே வரும். பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. ஓட்ஸும் பார்லியும் ஆவி போகிற துவாரத்தையே அடைத்துக்கொள்ளும். கெட்டியாக வேகவைத்து, திறந்த பிறகு கொதிநீர் ஊற்றித் தளர்த்துங்கள். அகப்பை சொன்ன மாதிரி நடுவில் ஒருவர் பங்கை எடுக்க வேண்டுமென்றால் குக்கர் சரிப்படாது.

கரிப்பானை
துவாரம் அடைப்பது உண்மை. சுவர் மேலே வரை கஞ்சி அடித்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். சரி, குக்கர் அரிசிக்கு மட்டும்.

இரவுப்பணி
அடுப்படியில் நிற்கவே வேண்டாம் என்கிறவர்களுக்கு. வாய் அகன்ற ஒரு லிட்டர் ஃபிளாஸ்க். முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்து அதைக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஃபிளாஸ்க்கே சூட்டைக் குடித்துவிடும். 80 கிராம் கோதுமை ரவையை 900 மில்லி தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து அப்படியே ஊற்றி மூடிவிட்டால் வேலை முடிந்து வரும்போது கஞ்சி தயார். ஆள் நின்று கிண்ட வேண்டியதில்லை, அடிப்பிடிக்காது.

உணவியல்
நல்ல வழி, ஒரு எச்சரிக்கையோடு. திறக்கும்போது ஆவி பறக்க வேண்டும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் இருந்த கஞ்சி வேண்டாம். தானியத்தில் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும், அவை கொதியில் சாவதில்லை. வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகி நஞ்சு விடும். வாந்தி உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் போகாது. பழைய, சூடு பிடிக்காத ஃபிளாஸ்க்கில் இதைச் செய்யாதீர்கள். கம்பளியில் சுற்றியதையும் அரை மணியில் பிரித்துச் சாப்பிட்டுவிடுங்கள், மதியம் வரை விடாதீர்கள்.

தனிச்சமையல்
அரிசிக் கஞ்சிக்கு நான் செய்வது: அரிசியைக் கழுவி அரைமணி ஊறவைத்து, நீரை வடித்து, பையில் மெல்லிசாகப் பரப்பி ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். உறைந்த அரிசியை நேரே கொதிநீரில் போட்டால் கால் மணி நேரத்தில் மலர்ந்து குழைந்துவிடும். உள்ளே போன தண்ணீர் பனியாகும்போது மணியை உடைத்துவிடுகிறது.

பசிக்குமே
நான் ஓட்ஸ் ஆள். இங்கே ஓட்ஸ் கஞ்சி எப்படி வைப்பது என்று ஒரு வரிகூட இல்லையே.

மாவுச்சத்து
ஓட்ஸில் காசு போகிற இடம் சின்னப் பாக்கெட். பழவாசனை, மசாலா என்று வருகிற உடனடி ஓட்ஸும் சாதாரணத் தட்டையான ஓட்ஸும் ஒரே தானியம்தான். உடனடி வகையை இன்னும் மெல்லிசாகத் தட்டி வேகவைத்திருப்பார்கள், அவ்வளவே. அது சர்க்கரையையும் வேகமாக ஏற்றும். வாசனை சேர்க்காத பெரிய தட்டை ஓட்ஸ் கிலோவாக வாங்குங்கள்.

வெறும் சட்டியில் நாலு நிமிடம் வறுத்து, ஒரு கப்புக்கு மூன்று கப் தண்ணீர், அடிக்கடி கிண்டாமல் ஆறேழு நிமிடம். ஓயாமல் கிண்டினால் பசையாகும். கிண்டக்கூடாது என்பது மாவுக் கஞ்சிக்கு அல்ல, ஓட்ஸுக்கு மட்டும்.

கரிப்பானை
ஒரு கேள்வி, சண்டைக்காக அல்ல. சத்துமாவுப் பொடி ஒன்று கிடைக்கிறதே, பதினாறு தானியம், இருபது தானியம் என்று. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது சுலபம் இல்லையா? எல்லோருக்கும் வறுத்து அரைக்க நேரம் இருக்காது.

அகப்பை
பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போட்டிருப்பார்கள். முதல் இரண்டு மூன்றில் சர்க்கரையோ, மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்கிற மாவுச்சத்துப் பொடியோ இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இருபது தானியம் என்பது எண்ணிக்கைக்கு. கடைசிப் பத்தும் சிட்டிகை சிட்டிகையாகத்தான் இருக்கும். ஒரு தானியம், ஒரு பருப்பு, ஒரு எண்ணெய் வித்து. இந்த மூன்றுக்கு மேல் கஞ்சி மாவுக்கு எதுவும் தேவையில்லை.

கரிப்பானை
அது உங்கள் கருத்து. நேரத்துக்கும் ஒரு விலை இருக்கிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. குறிப்பாக அடுப்படியில் நிற்பவர் நேரத்தை.

அரைப்படி
நியாயமான பேச்சு. சர்க்கரை சேர்க்காத பொடி கிடைத்தால் வாங்குவதில் தப்பில்லை. எனக்கு இருக்கிற சந்தேகம் அதன் பழமை பற்றித்தான். தவிடோடு அரைத்த மாவில் எண்ணெய் இருக்கும், நாள்பட்டால் காறிப்போகும். கம்பு மாவு இதில் மோசம், அறைச் சூட்டில் ஒன்றிரண்டு வாரத்திலேயே கசக்க ஆரம்பித்துவிடும். கஞ்சி கசக்கிறது என்று தானியத்தைத் திட்டுவார்கள், குற்றம் மாவின் வயதில். கம்பை மணியாக வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக உடைப்பதே நல்லது. கேழ்வரகு மாவு கூடுதல் நாள் தாங்கும். அதில் கால்சியமும் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம், அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான்.

உணவியல்
நேரம் கிடைக்கிற வீட்டில் ஒரு சின்ன வேலை செய்யலாம். கேழ்வரகை ஊறவைத்து, ஈரத்துணியில் முளைகட்டி, நன்றாகக் காயவைத்து, முளையைத் தேய்த்து நீக்கி, லேசாக வறுத்து அரைத்து வையுங்கள். முளைத்த தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கிற அமைலேஸ் நொதி உண்டு. குழந்தையின் கஞ்சி ரொம்பக் கெட்டியாக இருந்தால் வெதுவெதுப்பாக ஆறியதும் இந்த மாவில் ஒரு டீஸ்பூன் கலந்து ஐந்து நிமிடம் வையுங்கள், தண்ணீர் ஊற்றாமலே தளர்ந்துவிடும். பிறகு ஒரு கொதி விட்டு ஆற்றிக் கொடுக்கலாம். தானியம் குறையாமல் பதம் மட்டும் இளகும். அதிகம் வறுத்தால் அந்த நொதி செத்துவிடும், மிதமான சூடு போதும்.

பசிக்குமே
இது மந்திரம் மாதிரி இருக்கிறது.

வெள்ளிமுளை
எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். நேரம் மாற்றி இறக்குவது அருமையாக வேலை செய்கிறது. மாமனார் "எனக்கு மட்டும் தனிச் சமையலா" என்று ஒரு பெருமையோடு சாப்பிடுகிறார், அதே பானை என்று நான் சொல்லவில்லை. அவருக்குச் சர்க்கரை ஏற்றமும் முன்னைவிடக் குறைவாகத்தான் காட்டுகிறது.

இன்னும் இரண்டு கேள்வி. பானை அடிப்பிடிக்கிறது. அப்புறம் மிஞ்சிய கஞ்சி மாலைக்குள் களியாக உறைந்துவிடுகிறது, அதை என்ன செய்வது?

அகப்பை
தானியம் போட்டவுடன் முதல் ஐந்து நிமிடம்தான் ஆபத்து. அது அடியில் போய்ப் படியும், அதனால் தண்ணீர் கொதித்த பிறகே போட்டு, அந்த ஐந்து நிமிடமும் அடி தொட்டுக் கிண்டுங்கள். உப்பித் தண்ணீரில் மிதக்க ஆரம்பித்துவிட்டால் பிறகு கவலையில்லை. தீய்ந்த வாசனை வந்தால் கிண்டவே கிண்டாதீர்கள், சுரண்டாதீர்கள். மேலுள்ளதை வேறு பானைக்கு மாற்றிவிட்டால் அந்த வாசனை ஏறாது. ஒட்டிய பானையில் பச்சைத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டால் தானே உரியும்.

மாவுச்சத்து
உறைவது கெட்டுப்போனதால் இல்லை. வெந்த மாவுச்சத்து ஆறும்போது மறுபடி இறுகும். சூடுபடுத்தினால் இளகும். கொதிநீர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மத்தால் கடைந்து முழுக்கக் கொதிக்கவிடுங்கள். ஆனால் மிஞ்சுவது தெரிந்ததும் அகலத் தட்டில் பரப்பி ஆற்றி, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மறுநாளைக்குள் முடித்துவிடுங்கள், ஒரு தடவைக்கு மேல் சுடவைக்க வேண்டாம். குழந்தைக்கு மிஞ்சியது வேண்டாம், புதிதாகவே கொடுங்கள்.

தனிச்சமையல்
இளக்கவே வேண்டாம். கெட்டிக் கஞ்சியை எண்ணெய் தடவிய தட்டில் விரல் கனத்துக்குப் பரப்பி ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் துண்டு போட்டுத் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க விடுங்கள். வெளியே மொறுமொறு, உள்ளே மிருது. துண்டு போடும் முன் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தால் எண்ணெய் தெறிக்காது. திருப்புவதற்கு அவசரப்படாதீர்கள், அடி சிவந்ததும் கல்லை விட்டுத் தானே கழன்று வரும். பையனிடம் இதைக் கஞ்சி என்று சொல்ல வேண்டாம்.

பசிக்குமே
பருப்பு உள்ளே இருப்பதையும்.